கட்டுரையைச் சேமித்தீர்களா, இணைப்பை மட்டுமா?

தில்லி ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்புகளில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நிறைய. தலையங்கம், பட்ஜெட் அலசல், தீர்ப்பு விளக்கம் என்று கண்ணில் படுவதையெல்லாம் புக்மார்க்கில் போட்டுவைக்கிறார்கள். வேண்டியதைத் தேடி எடுக்க முடியாத அளவுக்குப் பட்டியல் பெருத்ததும் ஏதாவது ஒரு செயலிக்குப் போகிறார்கள். அங்கேதான் எச்சரிக்கை தேவை.

2007-இல் 'ரீட் இட் லேட்டர்' என்று தொடங்கி, பிறகு 'பாக்கெட்' என்று பெயர் மாறிய செயலியை 2017-இல் மொஸில்லா வாங்கியது. 2025 ஜூலை 8-ஆம் தேதி அதை மூடிவிட்டது. சேமிப்பைத் தரவிறக்க அவகாசம் தந்தார்கள்; ஆனால் கைக்கு வந்த கோப்பில் தலைப்பும் இணைப்பும் இருந்தனவே தவிர, கட்டுரை இல்லை. மூலப் பக்கம் நீக்கப்பட்டிருந்தால் போனது போனதுதான்.

ஆகவே, முக்கியமான கட்டுரையை அன்றே பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். பிரவுசரின் 'ரீடர்' வசதியைத் தட்டினால் விளம்பரங்கள் மறையும். பிறகு 'பிரிண்ட்' போய், 'ஹெடர்ஸ் அண்ட் ஃபூட்டர்ஸ்' கட்டத்தில் டிக் செய்து சேமித்தால், பக்க ஓரத்தில் முகவரியும் தேதியும் பதிவாகும். வாரத்துக்குள் படித்து முடிக்கக்கூடியவற்றை மட்டும் 'ரீடிங் லிஸ்ட்'டில் வையுங்கள். அரசு அறிவிப்பு போன்ற பொதுப் பக்கங்களை இன்டர்நெட் ஆர்க்கைவின் 'வேபேக் மெஷின்' தளத்திலும் பதியலாம். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. 2017 ஆகஸ்டில், திருட்டுத் திரைப்படங்களுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த தடையில் சிக்கி, அந்தத் தளமே இந்தியாவில் முடங்கியது.

இப்படிப் பிரதி எடுப்பது குற்றமா என்று பலர் தயங்குகிறார்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவு, ஆய்வு உள்ளிட்ட சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் பயன்படுத்துவதை அனுமதிக்கிறது. அந்தப் பிரதியைக் குழுவில் ஏற்றுவது வேறு விஷயம். தைனிக் ஜாக்ரன் நாளிதழின் இ-பேப்பரை டெலிகிராம் சேனல்களில் தினமும் பிடிஎஃப் ஆகப் போட்டுவந்தவர்கள் மீது வழக்கு வந்தது. 2020 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம், 48 மணி நேரத்தில் அந்தச் சேனல்களை அகற்றவும் நடத்துபவர்களின் அடையாள விவரங்களைத் தரவும் டெலிகிராமுக்கு உத்தரவிட்டது. புனைபெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்ற நினைப்பு இனி செல்லாது. பத்திரிகைகளுக்குச் சந்தாவும் ஒரு வருமானம். அவற்றின் உழைப்பை இலவசமாக வாரி இறைப்பது நியாயமும் அல்ல.

இன்னோர் ஆபத்து, பிரவுசர் எக்ஸ்டென்ஷன். கட்டுரை சேமிக்க நிறுவும் சில எக்ஸ்டென்ஷன்கள், எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும். அந்த 'எல்லா' என்பதில் உங்கள் வங்கிப் பக்கமும் அடக்கம். 'கிளிக் செய்யும்போது மட்டும்' என்று அனுமதியைச் சுருக்குங்கள், பயன்படுத்தாததை நீக்குங்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

நண்பர்களுக்குக் கட்டுரை அனுப்ப நினைத்தால் பிடிஎஃப் வேண்டாம், இணைப்பை அனுப்புங்கள்.