கோடைக் கொல்லையின் வரவு செலவு

தை மாதத்தில் நமது கொல்லைப்புறத்தைக் காண்போர் மகிழ்வர். கத்தரியும் தக்காளியும் காய்த்து நிற்கும். அவரைக் கொடி பந்தலை மூடியிருக்கும். கீரைப் பாத்தி பசுமையாய் விளங்கும். அதே கொல்லையைச் சித்திரைக் கடைசியில் காண்போர் இரங்குவர். இந்த ஏற்றமும் இறக்கமும் ஆண்டுதோறும் நிகழ்வனவே. எனினும், பல குடும்பங்கள் ஒரு கோடையின் இழப்பைக் கண்டு மனந்தளர்ந்து, தோட்டத்தையே கைவிட்டு விடுகின்றன. பின்னர் ஆடி பிறந்தாலும் மண்வெட்டியைத் தேடுவதில்லை. கைவிட்ட கொல்லையில் முதலில் குப்பையும், அடுத்து முட்புதரும் சேர்வதே முடிவாகிறது.

வாலாஜாபாத்தில் உள்ள எங்கள் வீட்டிலும் சென்ற கோடையில் இந்நிலை ஏற்பட இருந்தது. அப்போது நேர்ந்த இழப்புகளையும், அவற்றால் நாங்கள் அறிந்துகொண்டவற்றையும் சங்க அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமது மண்ணும் நமது வெயிலும்

நமது ஊர் பாலாற்றின் வடகரையில் அமைந்தது. கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து தமிழகம் புகும் இவ்வாறு, ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகவே காட்சி அளிக்கிறது. 2021ஆம் ஆண்டு நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதை நாம் யாவரும் கண்டோம். ஆயினும், நமக்குக் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்து தீர்ந்து விடுகிறது. அதன் பின்னர் ஆறு மாத காலம் கிணற்றையே நம்பியிருக்க வேண்டும். ஆற்றங்கரையை அடுத்த மண்ணில் மணற்பாங்கு மிகுதி; ஊற்றிய நீரை அது நெடுநேரம் தாங்கி நிற்பதில்லை. மே மாதத் தொடக்கத்தில் பிறக்கும் அக்கினி நட்சத்திரத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களும் உண்டு.

எங்கள் தோட்டம் ஒரு சென்ட் அளவினது. வீட்டில் ஆறு பேர். நாங்கள் பெரியவர்கள் தறியில் அமர்பவர்கள். மூத்த மகன் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு வேலைக்குச் செல்பவன். முன்னாளில் விடியற்காலையில் தெருவில் பாவு விரிக்கும்போதே வீட்டார் ஒருவர் செடிக்கும் நீர் விட்டு விடுவார். இப்போது இரவு வேலை முடிந்து வருபவர் உறங்கும் நேரமும், பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் நேரமும் ஒன்றாகி விட்டபடியால், தோட்டம் யாருடைய பொறுப்பு என்பதே தெளிவற்றுப் போயிற்று.

நேர்ந்த இழப்புகள்

முதலில் தக்காளி பூவை உதிர்த்தது. உரம் போதவில்லை எனக் கருதி நாங்கள் யூரியாவைத் தூவினோம். உலர்ந்த மண்ணில் இட்ட அந்த உரத்தால் இலை ஓரங்கள் கருகின. உண்மையில் குறை உரத்தில் இல்லை. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் இருக்குமாயின், தக்காளியின் மகரந்தம் வலிமை இழக்கிறது. பூ கருவுறாது உதிர்கிறது. எவ்வளவு உரமிட்டாலும் இதனை மாற்ற இயலாது.

இரண்டாவது இழப்பு முற்றிலும் எங்கள் அறியாமையால் விளைந்தது. தண்ணீர் அருமையாக இருந்த ஒரு நாளில், பட்டு நூலின் பசையை நீக்குவதற்குச் சோப்பும் சோடா உப்பும் இட்டுக் காய்ச்சிய நீரை வீணாக்க மனமின்றிக் கத்தரிப் பாத்தியில் ஊற்றினோம். தொடர்ந்து சில நாட்கள் அவ்வாறே செய்தோம். பாத்தியின் மேல்மண் இறுகிப் பாளம் பாளமாக வெடித்தது; செடிகளில் பாதி வாடி மடிந்தன. சோடா உப்பில் உள்ள சோடியம் மண் துகள்களின் கட்டமைப்பைக் குலைத்து, நீரும் காற்றும் புகாதபடி அடைத்து விடுகிறது. சாயம் அலசிய நீரும் அத்தகையதே. அது உண்ணும் செடிக்கு ஒருபோதும் ஆகாது. நெசவாளர் இல்லங்களில் இப்பிழை எளிதில் நேரக் கூடியதாதலின், இதனை அழுத்திக் கூறுகிறோம்.

வைகாசியில் கிணற்று நீர் தாழ்ந்தது. மூலையில் இருந்த வாழை சாய்ந்தது. வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் கண்டது. அன்றிரவு வீட்டில் விவாதம் எழுந்தது. காய்கறிக் கடையில் வாங்குவதே மேல், குடிக்கும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது தகாது என்று மகன் கூறினான். அவன் கூற்றில் நியாயம் இருந்தது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு சென்னை நகரம் தவித்ததை அவன் நினைவூட்டினான். எங்கள் வயது முதிர்ந்த அன்னையாரோ, முருங்கையும் கறிவேப்பிலையும் ஒரு பாத்திக் கீரையும் இல்லாத வீட்டில் குழந்தைகளுக்கு எதைச் சமைத்துப் போடுவது என்று கேட்டார். அக்கேள்விக்கும் எங்களிடம் விடை இல்லை. மறுநாள் காலையில் ஒரு தாளை எடுத்து, சங்கத்தில் கணக்கு எழுதுவது போல, தோட்டத்தின் தண்ணீர்க் கணக்கை எழுதினோம்.

குடக் கணக்கு

ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும் நீர் ஒரு லிட்டர் ஆகும். கடுங்கோடையில் செடிகள் நிறைந்த நிலத்திலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீர் ஆவியாகி வெளியேறும் எனக் கொள்ளலாம். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். ஆகவே, ஒரு சென்ட் தோட்டம் முழுவதும் பயிர் இருந்தால், நாளொன்றுக்கு 240 லிட்டர் வேண்டும். 15 லிட்டர்க் குடத்தால் அளந்தால் 16 குடம். இது செலவு.

வரவு என்ன? அரிசியும் காய்கறியும் கழுவிய நீர் 3 குடம். குடிநீருக்கும் பிற தேவைகளுக்கும் போக, கிணற்றிலிருந்து அச்சமின்றி எடுக்கக் கூடியது 5 குடம். ஆக 8 குடம். குளியல் நீர் வேறாக 6 குடம் கிடைத்தது. ஆனால் சோப்பு கலந்த அந்நீர் தென்னைக்கும் புதிதாக நட்ட வாழைக்கும் ஆகுமேயன்றிக் கீரைக்கு ஆகாது.

கணக்கு இவ்வாறு முடிந்தபோது உண்மை விளங்கிற்று. 8 குடம் வரவை வைத்துக்கொண்டு 16 குடம் செலவு செய்ய முயன்றிருக்கிறோம். அதனால் எல்லாச் செடிகளுக்கும் அரை வயிறு நீர் ஊற்றி, எல்லாவற்றையும் நலிவடையச் செய்திருக்கிறோம். கோடைத் தோட்டத்தின் பரப்பை நிலம் தீர்மானிப்பதில்லை, தண்ணீரே தீர்மானிக்கிறது. இதனை மாசி மாதத்திலேயே உணர்ந்திருப்பின், இழப்பில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம்.

எதை விடுவது, எதைக் காப்பது

அன்றே தோட்டத்தைப் பாதியாகச் சுருக்கினோம். தக்காளியைப் பிடுங்கினோம். நோய் கண்ட வெண்டைச் செடிகளையும் வேரோடு அகற்றினோம். ஏனெனில், அந்நோயை வெள்ளை ஈ ஒரு செடியிலிருந்து மறு செடிக்குக் கொண்டு செல்லும். எஞ்சிய கத்தரியைத் தரையிலிருந்து முக்கால் அடி விட்டு வெட்டினோம். இலை குறைந்தமையால் அதற்கு நீர்த் தேவையும் குறைந்தது.

காத்தவை இவை: முருங்கை, கறிவேப்பிலை, கொத்தவரை, பீர்க்கு, கொடிப்பசலை, தண்டுக்கீரை. கொத்தவரை வெப்பத்தைப் பொறுத்துக் காய்க்கும். முருங்கை வேரூன்றிய பின்னர் மிகக் குறைந்த நீரில் வாழும். கீரை ஒரு மாத அளவில் பறிப்புக்கு வந்து விடுவதால், நீர் குறையும்போது நிறுத்துவதும் கூடும்போது விதைப்பதும் எளிது.

பீர்க்கில் பூத்தும் காய்க்கவில்லையே என்று பலர் வருந்துவர். வெப்பம் மிகும்போது கொடி வகைகளில் ஆண் பூக்கள் மிகுந்து பெண் பூக்கள் குறையும். பீர்க்கம்பூ மாலையில் மலர்வது. அந்நேரத்தில் வண்டுகள் வாராவிடில், ஆண் பூவைக் கொய்து பெண் பூவின் நடுவில் மெல்லத் தொட்டு விடலாம். பிஞ்சு போன்ற அடிப்பகுதி உடையது பெண் பூ எனக் குழந்தைகளும் எளிதில் அறிவர். எங்கள் வீட்டில் இவ்வேலையைப் பேரப்பிள்ளைகளே ஏற்றுக்கொண்டனர்.

நீரைத் தங்கச் செய்தல்

வரவைக் கூட்ட இயலாதபோது செலவைக் குறைப்பதே வழி. இதற்கு நாங்கள் கைக்கொண்ட முறைகள் நான்கு.

முதலாவது, மூடாக்கு. வைக்கோலும் உலர்ந்த இலைகளும் மூன்று விரற்கடை உயரத்துக்குப் பாத்தியில் பரப்பினோம். வெயில் மண்ணை நேரே தாக்காததால் ஈரம் நீடித்தது. தண்டை ஒட்டி மட்டும் மூடாக்கு இடலாகாது, அழுகல் உண்டாகும்.

இரண்டாவது, நிழல். மேற்கு வெயிலே கொடியது. அத்திசையில் பீர்க்கைப் பந்தலேற்றி, அதன் நிழலில் பசலையையும் மிளகாயையும் வைத்தோம். பந்தல் தழைக்கும் வரை தென்னங்கீற்றுத் தட்டிகள் உதவின.

மூன்றாவது, பானை. சுட்ட மண்பானையைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து, நீர் நிரப்பி மூடி விட்டால், பானையின் நுண்துளைகள் வழியே நீர் சிறிது சிறிதாகக் கசிந்து வேருக்குச் சேரும். வண்ணம் பூசிய பானை இதற்குப் பயன்படாது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த சீன வேளாண் நூலொன்றில் இம்முறை கூறப்பட்டுள்ளது. எங்கள் பீர்க்குக்கும் கொத்தவரைக்கும் இடையில் வைத்த பானைகளை இரண்டு நாட்களுக்கு ஒருமுறை நிரப்பினால் போதுமானதாயிற்று. தொழிற்சாலைக்குச் செல்வோர் உள்ள வீடுகளுக்கு இது மிகவும் ஏற்றது. நேரம் தவறினாலும் செடி தவிக்காது.

நான்காவது, நீர் விடும் முறை. நண்பகலில் இலை துவள்வதைக் கண்டு உடனே நீர் ஊற்ற ஓடுதல் வேண்டா. மாலையில் இலை நிமிர்ந்து விட்டால், அது வெயிலுக்குச் செடி செய்துகொள்ளும் பாதுகாப்பே. விரலை இரண்டு அங்குலம் மண்ணுள் செலுத்திப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் நீர் விட வேண்டும். காலை ஏழு மணிக்குள், இலை மேல் அன்றி வேரடியில், ஆழ நனையும்படி விடுதல் நன்று.

பூச்சிகளைக் குறித்து

வறட்சியில் செஞ்சிலந்தியும் மாவுப்பூச்சியும் பெருகும். இலையின் அடிப்புறத்தில் நீரை விசையாகத் தெளித்தாலே செஞ்சிலந்தி குறையும். வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊற வைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைத்து மாலை வேளையில் தெளிக்கலாம். வெயிலில் தெளித்தால் இலை கருகக் கூடும்.

கொடிய நஞ்சுகளை வீட்டுத் தோட்டத்தில் தவிர்ப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி முதலிய பயிர்களைப் பெரிதும் அழித்தது. மல்பெரி அழிந்தால் பட்டுத் தொழிலுக்கு என்ன நேரும் என்பதை நெசவாளர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2010ஆம் ஆண்டில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறு ஒட்டுண்ணிக் குளவிகளே அதனை அடக்கின. நாம் நஞ்சு தெளித்தால் இத்தகைய நண்பர்களே முதலில் மடிவர்.

அணிலும் பறவைகளும் பிஞ்சைக் கடிப்பது பெரும்பாலும் தாகத்தினால். ஒரு மண்சட்டியில் நீர் வைத்த பின் எங்கள் சேதம் குறைந்தது.

சங்கம் செய்யக் கூடியது

சில காரியங்களைத் தனிக் குடும்பம் செய்வது அரிது. பலர் சேர்ந்தால் எளிது. மணற்பாங்கான நிலத்துக்கு ஏரி வண்டல் சிறந்த மருந்து. ஏரி, குளங்களின் வண்டலை வட்டாட்சியர் அனுமதியுடன் கட்டணமின்றி எடுக்க 2024ஆம் ஆண்டு முதல் வழி செய்யப்பட்டுள்ளது. ஒரு வீட்டுக்கு வேண்டியது சில கூடைகளே. அதற்கென டிராக்டர் அமர்த்த எவராலும் இயலாது. ஒரு தெருவார் கூடி மனுச் செய்து, ஒரே நாளில் கொணர்ந்து பகிர்ந்துகொள்ளலாம். விதையும் அவ்வாறே. ஒருவர் வீட்டுக் கொத்தவரையும் மற்றொருவர் வீட்டுப் பீர்க்கும் நெற்றாகக் காய்ந்து விதையாயின், சங்கக் கூட்டத்தன்று மாற்றிக்கொள்ளலாம்.

அப்போதைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில் 1904ஆம் ஆண்டு பதிவான கடன் சங்கம், நம் நாட்டின் மிகப் பழமையான கூட்டுறவுச் சங்கங்களுள் ஒன்று. அந்த மாவட்டத்து மக்களாகிய நமக்கு, சிறிய தொகைகளைச் சேர்த்துப் பெரிய தேவையைத் தீர்க்கும் முறை புதியதன்று.

எங்கள் கொல்லையின் முடிவையும் கூறி விடுகிறோம். சோடா நீர் ஊற்றிய பாத்தி இன்னும் முழுமையாகத் தேறவில்லை. தொழுவுரம் இட்டு, மழை நீரால் கழுவுண்ண விட்டிருக்கிறோம். சாய்ந்த வாழை சாய்ந்ததே. ஆனால், கோடை முழுவதும் வாரத்தில் மூன்று நாட்களேனும் கீரையோ கொத்தவரையோ எங்கள் கொல்லையிலிருந்தே அடுப்புக்குச் சென்றது. வெட்டிய கத்தரி ஆனியில் பெய்த மழைக்குத் துளிர்த்து, ஆடியில் பூத்தது. தோட்டம் வேண்டாம் என்ற மகனே விடுமுறை நாளில் இரண்டாவது பந்தலுக்குக் கால் நட்டான்.

ஆகவே அன்பர்களே, இவ்வாண்டு மாசியிலேயே ஒவ்வொருவரும் தத்தம் வீட்டின் குடக் கணக்கை எழுதிப் பார்ப்போமாக. வரவுக்குத் தக்க அளவில் கோடைத் தோட்டத்தைச் சுருக்கி வைப்போம். ஆடிப் பட்டம் வரும்போது அதனை விரித்துக்கொள்வோம்.