கறுப்புப் பெட்டி இல்லை... பங்காவும் பல்பும்தான் சாட்சி!

டி.வி-யில் ‘படையப்பா’ ஓடும்போதெல்லாம், “பாவம், இந்தப் புள்ள ஃபிளைட் விபத்துல போயிருச்சே” என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்கள். சௌந்தர்யா இறந்து 20 வருடங்களுக்கு மேலாகிறது. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

2004 ஏப்ரல் 17. பெங்களூரு ஜக்கூர் விமானத் தளத்திலிருந்து, கரீம்நகர் தேர்தல் பிரசாரத்துக்காக செஸ்னா 180 ரக ஒற்றை இன்ஜின் விமானத்தில் அவர் கிளம்பினார். உடன் அண்ணன், கட்சிக்காரர் ஒருவர், விமானி. விமானம் சுமார் 100 அடி உயரம்தான் ஏறியது. தள்ளாடியது, பக்கத்திலிருந்த வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் விழுந்து எரிந்தது. நால்வருமே பிழைக்கவில்லை.

இதுபோன்ற விபத்தை விசாரிப்பதுதான் கஷ்டம். பெரிய விமானம் என்றால் கறுப்புப் பெட்டி பேசும். பழைய சிறு விமானங்களில் பெரும்பாலும் அது கிடையாது. கிடைத்த உலோகத் துண்டுகளிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் முன்பக்கப் பங்கா. தரையில் மோதும்போது இன்ஜின் முழு வேகத்தில் இருந்திருந்தால் இறக்கைகள் முறுக்கிக்கொள்ளும். நின்றுபோயிருந்தால், பெரும்பாலும் ஒன்று மட்டும் பின்னால் மடங்கிக் கிடக்கும். அடுத்து, எச்சரிக்கை விளக்கின் குட்டி பல்பு. எரிந்துகொண்டிருந்தபோது மோதியிருந்தால் சூடான இழை நீண்டிருக்கும். அணைந்திருந்தால் பட்டென்று ஒடிந்திருக்கும். விமானிக்கு எச்சரிக்கை வந்ததா இல்லையா என்பதற்கு அதுவே சாட்சி. உடைந்த பாகங்களின் முகத்தையும் பார்ப்பார்கள். கணபதி, பீளமேட்டுப் பட்டறைக்காரர்களுக்கு இது புதிதல்ல. நாள்பட்ட விரிசலில் போன ஷாஃப்ட்டில் வரிவரியாகத் தடம் இருக்கும். ஒரே அடியில் உடைந்ததில் இருக்காது. எரிபொருளில் தண்ணீர் கலந்திருந்ததா என்று, நிரப்பிய இடத்திலும் மாதிரி எடுப்பார்கள். ஆட்களின் எடை, பெட்டிகளின் எடை எல்லாம் கணக்கில் வரும்.

பிறகு, வெயில்! ஏப்ரல் வெயிலில் காற்று லேசாகிவிடும். பெங்களூரு வேறு சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. கோவை விமான நிலையம் சுமார் 1,300 அடிதான். பழைய பைக்கில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறியவர்களுக்குத் தெரியும், போகப் போக வண்டி இழுக்காது. விமானத்துக்கு இன்ஜினோடு இறக்கையும் சோர்ந்துபோகும். அந்த நேரத்தில், தாழ்வான உயரத்தில் திருப்பினால் ஆபத்து இரட்டிப்பு. மேலே இடம் இருந்தால் சமாளிக்கலாம். 100 அடியில் அதற்கு நேரமே இல்லை.

அன்று இத்தகைய விசாரணைகள் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் கையில் இருந்தன. உரிமம் தரும் அலுவலகமே விபத்தையும் ஆராய்வது சரியில்லை என்று 2012-ல் தனியாக விமான விபத்து புலனாய்வுப் பணியகம் வந்தது. இதன் வேலை தண்டிப்பதல்ல. அடுத்த விபத்தைத் தடுப்பது. தாமதமாக வந்தாலும் நல்ல மாற்றம் என்பேன்.

நம் பக்கத்துக்கு வருவோம். 2021 டிசம்பர் 8-ல் சூலூரிலிருந்து கிளம்பிய ராணுவ ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து, ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேர் இறந்தார்கள். அங்கே கறுப்புப் பெட்டி மறுநாளே கிடைத்தது. ஆனாலும், கோவையிலிருந்து சுற்றுலா போனவர் ரயில் பாதையில் நின்று எடுத்த சில விநாடி வீடியோவுக்காக, அவரது போனையே போலீஸார் தடயவியல் சோதனைக்கு வாங்கிக்கொண்டார்கள். மேகத்துக்குள் ஹெலிகாப்டர் மறையும் காட்சி அது. எதிர்பாராத வானிலை மாற்றத்தால் மேகத்துக்குள் நுழைந்து, விமானி திசை தடுமாறினார் என்று 2022 ஜனவரியில் விமானப்படை அறிவித்தது. நாசவேலை, இயந்திரக் கோளாறு இரண்டையும் மறுத்தது.

சௌந்தர்யா விஷயத்தில் 2025 மார்ச்சில்கூட, ‘அது விபத்தே அல்ல, சொத்துக்காக நடந்த சதி’ என்று தெலங்கானாவின் கம்மத்தில் ஒருவர் புகார் கொடுத்தார். அந்தச் சொத்துக் கதையே பொய் என்று, 21 வருடம் கழித்து அவருடைய கணவர் அறிக்கை விட வேண்டியிருந்தது.