தன் காதுக்கு எட்டாத அழுகை

நள்ளிரவு. தெரு அடங்கிவிட்டது. கூடத்து மூலையில், அட்டைப்பெட்டிக்குள் மடித்துப் போட்ட பழைய போர்வையிலிருந்து ஒரு குரல் எழுகிறது. நூலிழைபோல் மெலிந்து, மேலேறி, நடுங்கி, அறுந்து, மறுபடியும் தொடங்குகிறது. காலையில்தான் வீட்டுக்கு வந்த பொமரேனியன் குட்டி. "சனியன், தூங்க விடுதா பாரு" என்று முணுமுணுத்துத் தலையணையைக் காதோடு அழுத்திக்கொள்கிறோம். கோயிலில் மணி அடித்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் நாம், வீட்டுக்குள் நடக்கிற அற்புதத்துக்குக் காதை மூடிக்கொள்கிறோம்.

நாய்க்குட்டி கண்மூடிப் பிறக்கும் என்பது நமக்குத் தெரியும். காதும் மூடியே பிறக்கும் என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? ஏறக்குறைய இரண்டு வாரம் அதன் செவித்துளை அடைத்தபடியே இருக்கிறது. ஆனால் பூமியில் விழுந்த சற்று நேரத்திலேயே அது குரல் கொடுக்கிறது. தன் அழுகையைத் தானே கேளாத ஓர் உயிர் அழுகிறது! அந்தக் குரல் அதன் காதுக்கானதே அல்ல; தாயின் காதுக்கென்றே படைக்கப்பட்டது.

சென்ற மார்கழியில் எங்கள் மாடிப்படிக்கு அடியில் ஒரு தெருநாய் ஐந்து குட்டி ஈன்றிருந்தது. ஒன்று சாக்கைவிட்டு உருண்டு வெறும் சிமெண்டுத் தரைக்கு வந்துவிட்டது. தலையை ஊசல்போல் இடமும் வலமும் ஆட்டி, மூக்கால் வெதுவெதுப்பைத் தேடித் தேடி, கிடைக்காமல் கீச்சென்று அழுதது. அரைத் தூக்கத்தில் இருந்த தாய் எழுந்துவந்து, நக்கி, வாயால் கவ்வி, வயிற்றோடு சேர்த்துக்கொண்டது. அழுகை அந்தக் கணமே நின்றது. இவ்வளவுதான் நடந்தது, நான் காபி ஆறுவதுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

ஏனென்றால் அந்தக் கீச்சுக்குரலில் தொங்கிக்கொண்டிருந்தது ஓர் உயிர். வளர்ந்த நாயின் உடல்வெப்பம் 38, 39 டிகிரி செல்சியஸ். பிறந்த குட்டியின் வெப்பம் அதைவிடக் குறைவு. அதையும் அதனால் தானாகக் காத்துக்கொள்ள முடியாது. முதல் சில நாள் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளக்கூட அந்த உடம்புக்குத் தெரியாது. தாய் நாவால் வருடாமல் சிறுநீரும் கழியாது. நாயின் மூக்கு நுனி தொலைவிலுள்ள மெல்லிய வெம்மையையும் உணரும் என்று 2020-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பசியும் குளிரும் தனிமையும் தவிர வேறொன்றும் அறியாத அந்தச் சின்னஞ்சிறு உயிருக்கு, மூக்கில் ஒரு வழிகாட்டி, தொண்டையில் ஒரு தூது. ஒன்றைக் குறைத்துப் படைத்தவன் எதைக் கொடுத்து ஈடுசெய்திருக்கிறான், பாருங்கள்!

அப்படிப்பட்ட குட்டியைத்தான் பிறந்த இரண்டு மாதத்தில் வீட்டுக்குத் தூக்கி வருகிறோம். உடன்பிறந்தவற்றோடு ஒன்றாய்க் குவிந்து உறங்கிய உடம்பு, ஒரே நாளில் தனியாகிறது. பாலின் மணம் போய் பினாயில் மணக்கிறது. அது சிணுங்குவது சேட்டையல்ல. அதற்குத் தெரிந்த ஒரே வழியில் அது தாயைக் கூப்பிடுகிறது.

வளர்ந்த பின்னும் நாய் அந்தக் குரலை விடுவதில்லை. கதவருகே நின்று முனகினால் வெளியே போகவேண்டும். நாம் ஊரிலிருந்து திரும்பும்போது குழைந்து முனகினால் மகிழ்ச்சி. ஒரே காலைத் திரும்பத் திரும்ப நக்கிக்கொண்டு முனகினால் அங்கே வலி. நம் செவி வினாடிக்கு 20,000 அதிர்வோடு நின்றுவிட, அதன் செவி ஏறக்குறைய 45,000 வரை தொடுகிறது. தீபாவளி இரவில் கட்டிலுக்கு அடியில் அது படும் பாடு நமக்கு எங்கே புரியும்? கிழட்டு நாய் இரவெல்லாம் அனத்தினால், மூப்பில் நினைவு குழம்பியிருக்கலாம். நாமோ எமன் வருகிறான் என்று கல்லெடுக்கிறோம். எமனைக் கல்லால் விரட்டிவிடலாம் என்று நம்புகிற ஒரே இனம் நாம்தான்!

இன்னொரு நுட்பமும் உண்டு. உள்புருவத்தை உயர்த்தும் ஒரு சிறு தசை நாய்க்கு நன்கு வளர்ந்திருக்கிறது. அதன் உறவான ஓநாய்க்கு அங்கே சில மெல்லிய இழைகள்தான். 2019-இல் வெளிவந்த செய்தி இது. அந்தத் தசை உயர்ந்ததும் கண் அகன்று, முகம் குழந்தை முகமாகிறது. மனிதனோடு வாழ்ந்த ஆயிரமாயிரம் ஆண்டுகள் அந்த முகத்தில் செதுக்கியது, அந்தச் சின்னஞ்சிறு தசையை. தாயின் காதுக்கென்று எழுந்த குரல் நம் வாசலுக்கு வந்தபோது, நம் கண்ணுக்கென்று ஒரு முகமும் அதோடு வந்திருக்கிறது.

குட்டியை வாங்கப் போகும்போது ஒரு பழைய துணியைக் கொண்டுபோய்த் தாயின் மேல் தேய்த்து எடுத்து வாருங்கள். அதைப் பெட்டியில் விரியுங்கள். உண்ணாமல், சோர்ந்து, ஓயாமல் முனகினால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் சில இரவுகள் பெட்டி கூடத்து மூலையில் வேண்டாம், உங்கள் கட்டிலோரம் இருக்கட்டும். அது அழும்போது விளக்கைப் போட வேண்டியதில்லை, அதட்டவும் வேண்டியதில்லை. ஒரு கையை மட்டும் கீழே தொங்கவிடுங்கள்.