உண்மையும் நீதியும்: பார்மன் அறிக்கையை முன்வைத்து ஜெர்மானியத் திருச்சபைப் போராட்டம் (1933–1945)

ஆய்வுச் சுருக்கம்

நாஜி ஆட்சிக் காலத்தில் ஜெர்மனியின் புராட்டஸ்தாந்து திருச்சபைக்குள் எழுந்த எதிர்ப்பு, கிறிஸ்தவ வரலாற்றில் உண்மைக்காக நிலைநின்றதன் சான்றாகப் போற்றப்படுகிறது. அவ்வெதிர்ப்பின் அடித்தள ஆவணம் 1934ஆம் ஆண்டின் பார்மன் அறிக்கை. திருச்சபையின் போதனையை அரசியல் கொள்கைக்கு அடிபணிய விடாமல் காத்த இவ்வறிக்கை, அதே காலத்தில் ஒடுக்கப்பட்ட யூதர்களைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. உண்மையில் நிற்பதும் நீதியில் நிற்பதும் ஒரே செயலின் இரு கூறுகள் என்பதையும், ஒன்று மற்றதிலிருந்து பிரியும்போது இரண்டும் குறைவுபடுகின்றன என்பதையும் இக்கட்டுரை இவ்வரலாற்றின் வழி விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: பார்மன் அறிக்கை, அறிக்கையிடும் திருச்சபை, ஆரிய விதி, கார்ல் பார்த், டீட்ரிக் போன்ஹோஃபர், எலிசபெத் ஷ்மிட்ஸ், நீதி.

முன்னுரை

ஒரு சமய அமைப்பு வெளியிலிருந்து வரும் பகையை எதிர்கொள்வது ஒரு வகை. தனக்குள்ளேயே பெரும்பான்மையோர் ஏற்றுக்கொண்ட பிழையை எதிர்கொள்வது வேறு வகை. பின்னதில் எதிர்த்து நிற்பவர் அயலாரோடு அன்று, ஒரே பீடத்தின்முன் வழிபடும் உடன்விசுவாசிகளோடும் தம் மேலதிகாரிகளோடும் முரண்பட நேர்கிறது. ஜெர்மனியில் 1933 முதல் நடந்த திருச்சபைப் போராட்டம் இத்தகையது. அப்போராட்டத்தின் வலிமை எங்கே இருந்தது, அது எங்கே தவறியது என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்பொருள் விளக்கம்

தமிழ் விவிலியத்தில் சத்தியம், நீதி என்னும் இரு சொற்களும் பல இடங்களில் இணைந்தே வருகின்றன. எபேசியருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் ஆறாம் அதிகாரம், விசுவாசியைப் போர்வீரனாக உருவகித்து, சத்தியத்தை அவன் இடைக்கச்சையாகவும் நீதியை மார்புக் கவசமாகவும் காட்டுகிறது. கச்சை மட்டும் கட்டியவனும் கவசம் மட்டும் அணிந்தவனும் முழுமையான போர்வீரர் ஆகார்.

உண்மையைக் குறிக்கும் எபிரேயச் சொல்லான 'எமெத்', உறுதி என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. 'ஆமென்' என்னும் சொல்லுக்கும் அதுவே வேர். எனவே எபிரேய மரபில் உண்மை என்பது சரியான கூற்று மட்டுமன்று. நம்பிச் சாயத்தக்க உறுதியும் ஆகும். நீதியைக் குறிக்கும் 'செதேக்' என்னும் சொல்லும் சட்டத்தோடு நின்றுவிடாமல், பிறரோடு கொண்ட உறவில் உரியதைச் செய்தலைச் சுட்டுகிறது. தமிழ் மரபும் இதற்கு அயலானதன்று. பிறர்க்குத் தீங்கு பயக்காத சொல்லே வாய்மை என வள்ளுவர் வரையறுக்கும்போது, உண்மையின் அளவுகோல் அது பிறர் வாழ்வில் விளைவிக்கும் பயனாகிறது. இவ்விரு சொற்களையும் அளவுகோலாகக் கொண்டு ஜெர்மானிய நிகழ்வுகளை நோக்கலாம்.

திருச்சபைக்குள் நுழைந்த ஆரிய விதி

ஹிட்லர் 1933 சனவரி 30 அன்று ஆட்சிக்கு வந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் இயற்றப்பட்ட அரசுப் பணியாளர் சட்டம், யூத வழித்தோன்றல்களை அரசுப் பணியிலிருந்து நீக்க வழிவகுத்தது. இச்சட்டத்தின் இனப்பிரிவே ஆரிய விதி எனப்பட்டது. 'ஜெர்மானியக் கிறிஸ்தவர்கள்' என்னும் இயக்கத்தினர் இவ்விதியைத் திருச்சபைக்குள்ளும் புகுத்த முனைந்தனர். 1933 சூலை 23இல் நடந்த திருச்சபைத் தேர்தலில், அரசின் வெளிப்படையான ஆதரவோடு அவ்வியக்கம் பெரும்பான்மை பெற்றது. செப்டம்பர் தொடக்கத்தில் கூடிய பழைய பிரஷ்யத் திருச்சபைப் பேரவை, யூத வழிவந்த போதகர்களும் யூத வழிவந்தோரை மணந்த போதகர்களும் பணியில் இருத்தல் ஆகாது என முடிவு செய்தது. அம்மாத இறுதியில் லுத்விக் முல்லர் என்பவர் பேரரசுப் பேராயர் ஆனார்.

இங்கு எழுந்த வினா இறையியலின் அடிப்படையையே தொடுவதாகும். திருமுழுக்குப் பெற்ற ஒருவரைத் திருச்சபை ஏற்பதா விலக்குவதா என்பதை விசுவாசம் முடிவு செய்யுமா, இரத்தம் முடிவு செய்யுமா? பெர்லின் தாலெம் பகுதியின் போதகர் மார்ட்டின் நீமொல்லர் 1933 செப்டம்பரில் போதகர் அவசரகாலக் கூட்டமைப்பைத் தொடங்கினார். ஆரிய விதியைத் திருச்சபையில் புகுத்துவது விசுவாச அறிக்கையை மீறுவதாகும் என்பது அதன் உறுதிமொழியில் இடம்பெற்றது. சில திங்களில் ஏறத்தாழ 7,000 போதகர்கள் அதில் இணைந்தனர். நவம்பர் 13 அன்று பெர்லின் விளையாட்டு அரங்கில் நடந்த பெருங்கூட்டத்தில், ஜெர்மானியக் கிறிஸ்தவர் இயக்கத்தின் ரைன்ஹோல்ட் கிராவுசே பழைய ஏற்பாட்டையே கைவிட வேண்டும் எனப் பேசியது, அதுவரை தயங்கி நின்ற பலரையும் எதிரணிக்குத் தள்ளியது.

பார்மன் அறிக்கையும் அதன் வலிமையும்

1934 மே 29 முதல் 31 வரை, வூப்பர்டால் நகரின் பார்மன் பகுதியிலுள்ள கெமார்க்கே ஆலயத்தில் 139 பேராளர்கள் கூடினர். லுத்தரன், கல்வினிய, ஐக்கிய மரபுகளைச் சார்ந்தோர் அனைவரும் அக்கூட்டத்தில் இருந்தனர். சீர்திருத்தக் காலம் தொட்டுத் தம்முள் வேறுபட்டு நின்ற மரபினர் ஒரே குரலில் பேசியது அதுவே பெரும் நிகழ்வாகும். அறிக்கையின் வரைவைப் பெரும்பாலும் எழுதியவர் சுவிட்சர்லாந்து நாட்டு இறையியலாளர் கார்ல் பார்த்; ஹான்ஸ் ஆஸ்முசென், தாமஸ் பிரைட் ஆகியோர் அவரோடு வரைவுக் குழுவில் இருந்தனர். இக்கூட்டத்தின் வழி உருப்பெற்ற அணியே அறிக்கையிடும் திருச்சபை எனப் பெயர் பெற்றது.

அறிக்கை ஆறு கூற்றுகளால் ஆனது. ஒவ்வொன்றும் ஒரு விவிலியப் பகுதியில் தொடங்கி, ஏற்கும் உண்மையைக் கூறி, அதற்கு மாறான போதனையை வெளிப்படையாக மறுத்து முடிகிறது. திருச்சபை செவிகொடுக்க வேண்டிய ஒரே இறைவார்த்தை கிறிஸ்துவே. வேறு எந்த நிகழ்வோ ஆற்றலோ தலைவரோ இறைவெளிப்பாடாக முடியாது என்பது முதற் கூற்றின் சாரம். மூன்றாம் கூற்று, திருச்சபையின் செய்தியையும் அமைப்பையும் அவ்வக்கால அரசியல் நம்பிக்கைகளுக்கு ஏற்ப மாற்றுவதை மறுத்தது. நான்காம் கூற்று, திருச்சபைப் பணிகள் ஒருவர்மேல் ஒருவர் ஆளுகை செய்வதற்கானவை அல்ல என்றது. அனைத்தும் தலைவனுக்குக் கீழ்ப்படிதல் என்ற கோட்பாட்டால் ஆளப்பட்ட நாட்டில் இக்கூற்றின் கூர்மை எவர்க்கும் புரிந்திருக்கும்.

உண்மையில் நிற்பது என்பதற்கு இவ்வறிக்கை ஓர் இலக்கணம் வகுத்தது. ஏற்பதைச் சொன்னால் மட்டும் போதாது. எதனை மறுக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். அக்காலத் திருச்சபையில் கிறிஸ்துவை மறுத்தவர் மிகச் சிலர். கிறிஸ்துவோடு நாட்டையும் இனத்தையும் தலைவரையும் சேர்த்துக்கொண்டவரே பலர். அந்தச் சேர்க்கையைத் தவறென்று பெயரிட்டதில்தான் பார்மனின் துணிவு அடங்கியுள்ளது.

அறிக்கையின் மௌனம்

ஆயினும் இவ்வறிக்கையில் யூதர் என்னும் சொல் இல்லை. ஆரிய விதியும் பெயர் சுட்டப்படவில்லை. ஐந்தாம் கூற்று, நீதியையும் அமைதியையும் பேணுவது அரசின் கடமை என்கிறது. ஆனால் அந்நீதி அன்று எவர்க்கு மறுக்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் கடந்து செல்கிறது.

இம்மௌனத்திற்குக் காரணங்கள் உண்டு. கூடியிருந்தோருள் பலர் நாட்டுப்பற்றாளர். அரசை எதிர்ப்பது தம் நோக்கமன்று, திருச்சபையின் தன்னுரிமையைக் காப்பதே நோக்கம் எனக் கருதினர். நீமொல்லரே முன்னர் நாஜிக் கட்சிக்கு வாக்களித்தவர். 1933 நவம்பரில், யூத வழிவந்த போதகர்கள் முன்னிலைப் பொறுப்புகளில் அடக்கம் காக்க வேண்டும் என எழுதியவர். நூற்றாண்டுகளாகத் தொடர்ந்த யூத வெறுப்பு எதிரணியினரின் இறையியலிலும் ஊறியிருந்தது.

வேறு பாதை அன்றே சுட்டப்பட்டிருந்தது. 27 வயதே நிரம்பிய டீட்ரிக் போன்ஹோஃபர் 1933 ஏப்ரலில் எழுதிய கட்டுரையில் திருச்சபையின் கடமையை மூன்றாக வகுத்தார். அரசின் செயல் முறையானதா என அரசையே வினவுதல் முதலாவது. பாதிக்கப்பட்டோர் கிறிஸ்தவர் அல்லாதவராயினும் அவர்க்கு உதவுதல் இரண்டாவது. சக்கரத்தில் நசுக்குண்டோர்க்கு மருந்திடுவதோடு நில்லாமல் சக்கரத்தையே தடுத்து நிறுத்துதல் மூன்றாவது. யூதர் பற்றிய பழைய இறையியல் எண்ணங்கள் சில அக்கட்டுரையிலும் உள்ளன என்பது மறுக்க இயலாதது. எனினும் திருச்சபையின் எல்லைக்கு அப்பால் உள்ள அயலானுக்கான பொறுப்பை அது தெளிவாக உரைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் பங்கேற்று உருவாக்கிய பெத்தேல் அறிக்கை, பலர் கைபட்டு வலுவிழந்தபோது அதில் கையொப்பமிட அவர் மறுத்துவிட்டார்.

எலிசபெத் ஷ்மிட்ஸின் அறிக்கை

இம்மௌனத்தை உள்ளிருந்தே உடைக்க முயன்றவர், திருச்சபையில் எப்பதவியும் வகிக்காத ஒரு பள்ளி ஆசிரியை. 1893இல் ஹனாவு நகரில் பிறந்த எலிசபெத் ஷ்மிட்ஸ், பெர்லினில் வரலாறும் சமயமும் ஜெர்மானிய மொழியும் கற்பித்தவர். அறிக்கையிடும் திருச்சபையின் உறுப்பினர். 1935இல் 'ஆரியர் அல்லாதோரின் நிலை' குறித்து விரிவான அறிக்கை ஒன்றை எழுதினார். யூதர்களின் தொழில்கள் முடக்கப்படுவதையும், பள்ளிகளில் யூதக் குழந்தைகள் இழிவுபடுத்தப்படுவதையும், செய்தித்தாள்கள் பகைமை வளர்ப்பதையும் சான்றுகளோடு அடுக்கி, இவற்றுக்கெல்லாம் திருச்சபை ஏன் வாய் திறக்கவில்லை எனக் கேட்டார். தம்பி ஆபேல் எங்கே எனக் காயீனிடம் இறைவன் கேட்ட வினாவை அவர் திருச்சபையை நோக்கித் திருப்பினார்.

தம் பெயரிடாமல் ஏறத்தாழ 200 படிகள் எடுத்து அவரே பலர்க்கும் வழங்கினார். அவ்வாண்டு செப்டம்பரில் ஸ்டெக்லிட்ஸில் அறிக்கையிடும் திருச்சபையின் பிரஷ்யப் பேரவை கூடியபோது, அவர் எதிர்பார்த்த குரல் எழவில்லை. 1938 நவம்பர் 9 இரவில் யூதத் தொழுகைக் கூடங்கள் எரிக்கப்பட்டன. அதன்பின் ஹெல்முட் கோல்விட்சர் தாலெமில் ஆற்றிய மனந்திரும்புதல் நாள் மறையுரைக்காக அவருக்கு நன்றி தெரிவித்து ஷ்மிட்ஸ் மடல் எழுதினார். இறுதி யூதரோடு கிறிஸ்தவமும் ஜெர்மனியிலிருந்து மறைந்துவிடும் என அதில் எச்சரித்தார். அரசு எதிர்பார்க்கும் வகையில் தம் பாடங்களைக் கற்பிக்க இயலாது எனக் கூறி, அவ்வாண்டின் இறுதியில் பணி ஓய்வு கோரினார். ஒடுக்கப்பட்டோர்க்குத் தம் வீட்டில் அடைக்கலமும் அளித்தார்.

அவ்வறிக்கை போருக்குப்பின் வேறொருவரின் எழுத்தாகக் கருதப்பட்டு, 1999ஆம் ஆண்டில்தான் ஷ்மிட்ஸுக்கு உரியது என நிறுவப்பட்டது. 1977இல் அவர் மறைந்தபோது இறுதிச் சடங்கில் எழுவரே கலந்துகொண்டனர்.

நிலைநின்றோர் தந்த விலை

நீதியைப் பெயரிட்டுப் பேசியோர் தனித்து விடப்பட்டதை வேறு இரு நிகழ்வுகளும் காட்டுகின்றன. 1936 சூனில் அறிக்கையிடும் திருச்சபையின் தலைமை, யூத வெறுப்பைக் கட்டாயமாக்குவது அயலாரிடம் அன்புகூரும் கட்டளைக்கு முரணானது எனச் சுட்டும் மனுவை ஹிட்லரிடம் அளித்தது. அம்மனு அயல்நாட்டு இதழ்களில் வெளியானதும் தலைமை விலகி நின்றது. கைது செய்யப்பட்டவர்களுள் யூத வழிவந்த சட்ட அறிஞரும் கிறிஸ்தவருமான ஃபிரீட்ரிக் வைஸ்லர், 1937 பிப்ரவரியில் சாக்சன்ஹவுசன் வதைமுகாமில் உயிரிழந்தார். ஓபர்லென்னிங்கன் என்னும் சிற்றூரின் போதகர் யூலியஸ் ஃபான் யான், 1938 நவம்பர் 16 அன்று யூதர்மீதான வன்முறையை மறையுரையில் கண்டித்தார். சில நாளில் ஒரு கும்பல் அவரைத் தாக்கியது. பின்னர் அவருக்கு 16 திங்கள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

நீமொல்லர் 1937இல் கைதாகி, 1945 வரை சிறையிலும் வதைமுகாம்களிலும் கழித்தார். போன்ஹோஃபர் 1945 ஏப்ரல் 9 அன்று ஃபுளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

பிற்காலத் தெளிவு

1945 அக்டோபரில் வெளியான ஸ்டுட்கார்ட் குற்ற ஏற்பு அறிக்கை, துணிவோடு சான்று பகராமைக்காகத் திருச்சபை தன்னையே குற்றஞ்சாட்டியது. அதிலும் யூதர் பெயர் இல்லை. 1950இல் பெர்லின் வைசென்சே பேரவையே இஸ்ரயேல் மக்களுக்கு இழைத்த குற்றத்தில் தன் பங்கை வெளிப்படையாக ஏற்றது. யூதர் சிக்கலைப் பார்மனில் முன்வைக்காதது தம் குற்றமே எனக் கார்ல் பார்த் 1967இல் ஒரு மடலில் ஒப்புக்கொண்டார். அவ்வாறு எழுதியிருந்தால் அன்று கூடியிருந்தோர் ஏற்றிருக்க மாட்டார்கள் என்றும், அது தம்மை விடுவிக்காது என்றும் அவர் கருதினார்.

இப்படிப்பினை தென்னாப்பிரிக்காவில் பயன்பட்டது. இன ஒதுக்கலுக்கு இறையியல் நியாயம் கற்பிக்கப்பட்ட அந்நாட்டில், டச்சு சீர்திருத்த மிஷன் திருச்சபை 1982இல் வரைந்து 1986இல் ஏற்ற பெல்ஹார் அறிக்கை, பார்மனைப் போலவே ஏற்பும் மறுப்பும் கொண்டது. அதே வேளையில் ஒற்றுமை, ஒப்புரவு என்பவற்றோடு நீதியையும் விசுவாசத்தின் கூறாக அது அறிக்கையிட்டது. இறைவன் ஒடுக்கப்பட்டோர் பக்கம் நிற்பதால் திருச்சபையும் அங்கேயே நிற்க வேண்டும் என்றது. பார்மனில் பெயரளவில் நின்ற நீதி, பெல்ஹாரில் விசுவாச அறிக்கையின் உள்ளடக்கமாயிற்று.

முடிவுரை

பார்மன் அறிக்கை இல்லாதிருப்பின் ஜெர்மானியத் திருச்சபை தன் போதனையையே இழந்திருக்கக்கூடும்; அதன் பெருமை குறைத்தற்குரியதன்று. ஆனால் அது காத்த உண்மை திருச்சபையின் சுவர்களுக்குள் நின்றது. சுவருக்கு வெளியே துன்புற்றவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் ஓர் ஆசிரியை, ஒரு சட்ட அறிஞர், ஒரு சிற்றூர்ப் போதகர் எனச் சிலரே. அவர்கள் தனி இறையியல் எதனையும் உருவாக்கவில்லை. திருச்சபை அறிக்கையிட்ட உண்மைக்கு உரிய பொருளையே தம் வாழ்வால் உரைத்தனர். திருச்சபை எந்நாட்டில், எக்காலத்தில் உண்மைக்காக நிற்பதாகக் கூறினாலும், அந்த உண்மையால் யாருடைய துன்பம் பெயர் பெற்றது என்பதே அதனை அளக்கும் வினாவாக அமைகிறது.