ஓட்டை ஓரிடம், ஒழுக்கு வேறிடம்
பைபர் படகின் மேல்தள விரிசலைச் சரிசெய்யும் முறை

மரப் படகுக்கு வயதானால் மரம் உளுத்துப் போகும். பைபர் படகு உளுப்பதில்லை. அதனால் அதற்கு வயதே ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் ஏராளமான படகுகள் உடைந்தன. அவற்றுக்குப் பதிலாகப் பல பைபர் படகுகள் கட்டித் தரப்பட்டன. அவற்றில் இன்றும் கடலுக்குப் போகும் படகுகளுக்கு 20 வயதாகிவிட்டது. இத்தகைய பழைய படகுகளை நன்றாகக் கவனிக்க வேண்டும்.

விரிசல் ஏன் வருகிறது?

பைபர் படகு இரண்டு பொருள்களால் ஆனது. ஒன்று கண்ணாடி இழை. மற்றொன்று ரெசின் என்னும் பிசின். இழை பலம் தருகிறது. ரெசின் இழைகளை ஒட்டிப் பிடிக்கிறது. இவற்றின் மேல் வழுவழுப்பான ஒரு மேல்பூச்சு இருக்கும். இதற்கு ஜெல்கோட் என்று பெயர். தண்ணீர் உள்ளே போகாமல் காப்பது இதுதான்.

படகு கரை ஏறும்போது அலை அதைத் தூக்கி மணலில் போடுகிறது. ஒவ்வொரு முறையும் தளம் அதிர்கிறது. பாய் விரித்து ஓடும்போது காற்றின் இழுப்பு முழுவதும் பாய்மரத்தின் அடியில் இறங்குகிறது. எஞ்சின் இருக்கும் இடமும் ஓயாமல் அதிர்கிறது. வெயிலில் கிடந்து கிடந்து மேல்பூச்சும் வலுவிழக்கிறது. முதலில் மயிரிழை போல ஒரு கோடு விழுகிறது. பிறகு அது வளர்கிறது.

சிறிய கீறல்தானே என்று விடலாமா?

கூடாது. கரையில் ஏற்றி இறக்கும் படகுகள் பலவற்றில் மேல்தளத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே மூடிய அறைகள் உண்டு. அவற்றில் தெர்மகோல் அல்லது நுரை அடைத்திருப்பார்கள். படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் மிதப்பது இந்த அறைகளால்தான். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு உயிர் தப்பியவர்கள் உண்டு.

விரிசல் வழியாக இந்த அறைக்குள் தண்ணீர் இறங்கும். வெளியே எதுவும் தெரியாது. படகு மட்டும் நாளுக்கு நாள் கனக்கும். முன்பு ஆறு பேர் தள்ளிய படகுக்கு எட்டுப் பேர் தேவைப்படும். கடலில் படகு தாழ்ந்து ஓடும். ஆபத்து வரும்போது மிதக்க வேண்டிய அறை மிதக்காது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

தண்ணீர் ஓர் இடத்தில் நுழையும். உள்ளே ஓடி வேறு இடத்தில் சொட்டும். ஆகவே சொட்டும் இடத்தில் பூசினால் பயன் இல்லை. நுழையும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

தளத்தை நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும். ஒரு காசால் தளம் முழுவதும் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இடத்தில் 'டங்' என்று கேட்கும். அடுக்கு பிரிந்த இடத்தில் 'டொப்' என்று மந்தமாகக் கேட்கும். காலால் மிதித்தால் அமுங்கும் இடமும் கெட்ட இடமே.

கீறலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதலாம். பத்து நாளில் கீறல் கோட்டைத் தாண்டினால் அது மேல்பூச்சுக் கீறல் மட்டும் அல்ல.

போல்ட் முடுக்கிய துளைகள், பாய்மரக் குழியின் ஓரம், தளமும் பக்கச்சுவரும் சேரும் மூலை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். தளத்தின் தாழ்ந்த பகுதியில் தொடங்கி, ஓர் இடத்தில் மட்டும் சிறிது நேரம் தண்ணீர் ஊற்ற வேண்டும். உள்ளே கசிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த இடத்துக்குப் போக வேண்டும்.

பழுது பார்க்கும் முறை

1. அறையில் தண்ணீர் இருந்தால் வடிய விட வேண்டும். நனைந்த நுரையை எடுத்துவிட வேண்டும். உப்பு போகக் கழுவிப் பல நாள் காயவிட வேண்டும். ஈரத்தில் ரெசின் ஒட்டாது.

2. விரிசலின் இரு முனைகளிலும் சிறிய துளை போட வேண்டும். விரிசல் மேலும் ஓடாமல் இது தடுக்கும்.

3. விரிசலைச் சுற்றிச் சரிவாகத் தேய்க்க வேண்டும். தளத்தின் கனத்தைப் போல 12 மடங்கு தூரம் சரிவு இருப்பது நல்லது. கனம் 5 மில்லி மீட்டர் என்றால் ஒவ்வொரு பக்கமும் 6 சென்டி மீட்டர். பிறகு தூசியை நீக்கி அசிட்டோனால் துடைக்க வேண்டும்.

4. தெர்மகோலின் மேல் ரெசினை நேராக ஊற்றக் கூடாது. படகுக்குப் பயன்படும் பாலியஸ்டர் ரெசின் தெர்மகோலைக் கரைத்துவிடும். முன்பே காய்ந்த மெல்லிய பைபர் தகட்டை இடையில் வைக்க வேண்டும்.

5. மேட் என்னும் இழை விரிப்பைத் துண்டுகளாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டும் முந்தையதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். ரெசின் தடவி ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும். உருளையால் உருட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். வெள்ளையாகத் தெரியும் இடத்தில் ரெசின் ஊறவில்லை என்று பொருள்.

6. கெட்டியான பிறகு தேய்த்துச் சமமாக்கி ஜெல்கோட் பூச வேண்டும். சில நாள் கழித்தே படகைக் கடலில் இறக்க வேண்டும்.

போல்ட் துளையில் கசிந்தால் போல்ட்டைக் கழற்ற வேண்டும். துளையைச் சுத்தம் செய்து, கடலுக்கு ஏற்ற அடைப்புப் பசை வைத்து, அகலமான வாஷருடன் முடுக்க வேண்டும்.

தார் பூசுவது தீர்வு அல்ல. விரிசல் அதனடியில் மறைந்து வளரும். பிறகு ரெசினும் அந்த இடத்தில் ஒட்டாது.

உயிருக்கு ஆபத்தான தவறு

ரெசினைக் கெட்டியாக்க இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்று கோபால்ட். இன்னொன்று கேட்டலிஸ்ட். இவை இரண்டையும் நேராகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்க வேண்டும். அதன் பிறகே கேட்டலிஸ்ட் சேர்க்க வேண்டும். சில ரெசினில் கோபால்ட் ஏற்கெனவே கலந்திருக்கும். வாங்கும்போதே கடையில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பொதுவாக ஒரு கிலோ ரெசினுக்குக் கேட்டலிஸ்ட் 10 முதல் 20 மில்லி லிட்டர் போதும். டப்பாவில் எழுதியுள்ள அளவைப் படித்துப் பார்க்க வேண்டும். வெயில் கடுமையான நாளில் ரெசின் விரைவில் இறுகும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும்.

கேட்டலிஸ்ட் ஒரு துளி பட்டாலும் கண் பார்வை போகலாம். கண்ணில் பட்டால் உடனே கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். பிறகு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணாடி, கையுறை, முகமூடி ஆகியவை கட்டாயம் தேவை. வேலை நடக்கும் இடத்தில் பீடி, நெருப்பு கூடாது. பிள்ளைகளை அருகில் விடக் கூடாது.

நினைவில் கொள்க

• படகு வழக்கத்தைவிடக் கனத்தால் உள்ளே தண்ணீர் இருக்கலாம்.
• சொட்டும் இடத்தை அல்ல, நுழையும் இடத்தை அடைக்க வேண்டும்.
• காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும்.
• கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேராகச் சேரக் கூடாது.
• தளம் பெரிதாக உடைந்திருந்தால் படகு கட்டும் தொழிலாளியிடம் காட்ட வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலத்திலோ, காற்றால் படகு கரையில் நிற்கும் நாள்களிலோ இந்த வேலையைச் செய்யலாம். கரையில் பார்க்கும் பழுது செலவோடு போகும். கடலில் தெரியும் பழுது உயிரைக் கேட்கும்.