வீடு கை மாறுகிறது, அட்வான்ஸ்?

"வீட்டை விற்று விட்டேன், அம்மா. அடுத்த மாதத்திலிருந்து வாடகையை அவரிடம் கொடுத்து விடுங்கள்" என்று சொல்லி விட்டு வீட்டுக்காரர் போய் விடுகிறார். வாடகையைப் பற்றிச் சொன்னவர், நீங்கள் குடி வந்த அன்று எண்ணிக் கொடுத்த அட்வான்ஸைப் பற்றி மூச்சு விடவில்லை!

சென்னையில் அது சின்னத் தொகையா, என்ன? பத்து மாத வாடகை என்பது நெடுநாளைய வழக்கம். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கலாகாது என்கிறது. இரு தரப்பாரும் வேறு விதமாக ஒப்புக் கொண்டாலொழிய என்று ஒரு ஜன்னலையும் திறந்து வைத்திருக்கிறது. ஜன்னல் இருந்தால் காற்று மட்டுமா வரும்?

சரி, அந்தப் பணத்தை இனி யாரிடம் கேட்பது? 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 109-வது பிரிவு உங்கள் பக்கம் பேசுகிறது. வேறு ஒப்பந்தம் இல்லாத வரையில், வீட்டை விற்று விட்ட காரணத்தினாலேயே பழைய வீட்டுக்காரரின் கடமைகள் தீர்ந்து விடுவதில்லை. புதியவரே பொறுப்பு என்று நீங்கள் ஏற்றுக் கொண்டால்தான் பழையவருக்கு விடுதலை. ஆகையால் அப்படிப்பட்ட கடிதம் எதிலாவது கையெழுத்துக் கேட்டால் அவசரப்படாதீர்கள். "அட்வான்ஸ் இவ்வளவு, அதைத் திருப்பித் தருவது என் பொறுப்பு" என்று புதியவரிடம் எழுதி வாங்கிக் கொண்ட பிறகு பேனாவை எடுங்கள். விற்பனை நடந்தது தெரியாமல் பழையவருக்கே வாடகை கொடுத்து விட்டீர்களா? பயம் வேண்டாம். அதை இரண்டாம் முறை கொடுக்க வேண்டியதில்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது.

நாய் வளர்க்கும் வீடுகளில் இன்னொரு சிக்கல். கதவைப் பிராண்டும், தரையை நாசம் செய்யும் என்று மேற்கொண்டு பத்தாயிரம் வாங்கியிருப்பார்கள். ரசீதில் 'நாய்க்காக' என்று மட்டும் இருந்தால், புதியவர் அது திரும்பாத கட்டணம் என்பார். நீங்கள் அட்வான்ஸ் என்பீர்கள். நாயைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது! திரும்பி வரும் பணமா, வராத பணமா என்பதைப் பழையவர் கையாலேயே, அவர் ஊரை விட்டுப் போகுமுன் எழுதி வாங்குங்கள்.

வீட்டை விற்பவரே நீங்கள் என்றால் கணக்கு சுலபம். ஒரு லட்சம் அட்வான்ஸ் கையில் இருந்தால் அதைக் கிரயத் தொகையில் கழித்துக் கொள்ளச் சொல்லி, அந்த விவரத்தைக் கிரயப் பத்திரத்திலேயே ஒரு வரி சேர்த்து விடுங்கள். வாங்குகிறவராக இருந்தால், விற்பவர் சொல்லும் தொகையோடு நிற்காமல், குடியிருக்கும் அம்மாளையும் ஒரு வார்த்தை கேட்டு விட்டுப் பணத்தைக் கொடுங்கள்.