பொறி தொடாத நெருப்பு

பிள்ளைகளே, பழைய ஒஸ்ரின் கார் ஒன்றில் ஏறி, பண்ணைத் தாம்போதியால் வேலணைப் பக்கம் போயிருக்கிறீர்களா? சோழகக் காற்று எதிரே அடிக்கும். காருக்குள் ஆறு பேர், பின்பெட்டியில் அரிசி மூட்டை. வேகம் எடுக்கலாம் என்று ஓட்டுபவர் மேல் கியரிலேயே அழுத்தி மிதிப்பார். உடனே எஞ்சினுக்குள் இருந்து, தகரப் பேணியில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினது மாதிரி ஒரு சத்தம் வரும். காலை எடுத்தால் நின்றுவிடும். திரும்ப மிதித்தால் திரும்ப வரும். தீவகத்தில் மலை இல்லை. ஆனபடியால் மற்ற ஊர்களில் மேடு ஏறும்போது கேட்கும் சத்தம் இங்கே எதிர்காற்றில் கேட்கிறது. கராஜ்காரர்கள் இதை 'நொக்கிங்' என்பார்கள்.

ஏதோ இரும்பு கழன்று அடிபடுகிறது என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். அப்படி ஒன்றும் கழலவில்லை. அடிப்பது நெருப்பு.

அந்தக் காரின் எஞ்சினில் நாலு சிலிண்டர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்து வருகின்றன. பிஸ்டன் மேலே வந்து அந்தக் கலவையை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. நெருக்கினால் காற்று சுடும். சைக்கிளுக்குக் காற்று அடித்துவிட்டுப் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். கலவை அப்படிச் சூடாகி இருக்கும் நேரத்தில் 'பிளக்' ஒரு பொறியைத் தருகிறது. பொறி பட்ட இடத்தில் தீ பற்றி, அங்கிருந்து மற்றப் பக்கத்துக்குப் பரவுகிறது. ஒரு செக்கனை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில துண்டுகளே இதற்குப் போதும். ஆனாலும் அது படிப்படியான பரவல்தான். பிஸ்டனைக் கீழே தள்ளுவது அந்தப் படிப்படியான அழுத்தம்.

தீ இன்னும் போய்ச் சேராத மூலையில் கொஞ்சக் கலவை மிச்சம் இருக்கும் அல்லவா? எரிந்து விரிந்த வாயு அதை மேலும் நெருக்கும், மேலும் சுடவைக்கும். தாங்க முடியாத கட்டத்தில் அது பொறியும் தீயும் தொடாமலே தானாக, ஒரே கணத்தில் முழுவதுமாகப் பற்றிவிடும். அதிலிருந்து கிளம்பும் அழுத்த அலை சிலிண்டர் சுவரில் மோதி மோதித் திரும்புகிறது. நாங்கள் கேட்பது அதைத்தான். கவனிக்காமல் விட்டால் பிஸ்டனின் தலை அரிபடும், ஓட்டைகூட விழும்.

இந்தத் தானாகப் பற்றுதலை ஓர் எரிபொருள் எவ்வளவுக்குத் தாங்கும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அதன் பெயர் ஒக்டேன் எண். எங்கள் எரிபொருள் நிலையங்களில் 92, 95 என்று எழுதியிருப்பது அதுவே. மண்ணெண்ணெய்க்கு அந்த எண் 20க்குக் கிட்டத்தான் வரும்.

இந்த வித்தியாசத்தை யாழ்ப்பாணத்துக்குப் பாடப்புத்தகம் படிப்பிக்கவில்லை. 1990க்குப் பிறகு போர்க்காலத் தடையால் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றபோது, ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. உங்கள் அம்மப்பாவிடம், அப்பப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், நிச்சயம் ஒரு கதை வைத்திருப்பார்கள். மண்ணெண்ணெய் ஆறிய எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. அதனால் சேமித்து வைத்த கொஞ்சப் பெற்றோலைக் கொடுத்து எஞ்சினைக் கிளப்பி, சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பின்னால் வெள்ளைப் புகை, தெருவெல்லாம் அந்த மணம், எஞ்சினுக்குள் ஓயாத தட்டல். எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலையும் தண்ணீர் போலாக்கியது. நாற்பது வருடம் பழைய கார்கள் அதையும் தாங்கி நோயாளிகளையும் மணமக்களையும் ஏற்றி இறக்கியதை நினைத்தால், அவற்றை ஓடவைத்த மெக்கானிக்குகள் மீது எனக்குப் பெரிய மரியாதை வருகிறது.

வியப்பான விடயம் என்னவென்றால், நொக்கிங் பற்றிய பெரிய ஆராய்ச்சி ஒன்றும் மண்ணெண்ணெய் எஞ்சினில்தான் தொடங்கியது. அமெரிக்காவில் சார்ள்ஸ் கெற்றறிங் என்றொரு பொறியியலாளர் இருந்தார். கார்களுக்குப் பற்றரியால் பொறி கொடுக்கும் முறையை உருவாக்கியவர் அவர். எஞ்சின்கள் தட்டத் தொடங்கியதும், உன் பொறிதான் காரணம் என்று பழி அவர் மீது வந்தது. தோட்ட வீடுகளுக்கு மின்சாரம் தர அவர் செய்த மண்ணெண்ணெய் எஞ்சின்களும் தட்டின. 1916இல் தோமஸ் மிட்ஜ்லி என்ற இளைஞரிடம் தட்டலின் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலையைக் கொடுத்தார்.

எரிபொருளுக்குச் சிவப்பு நிறம் ஊட்டினால் அது வெப்பத்தை வேகமாக உள்வாங்கி ஒழுங்காக எரியும் என்று அவர்கள் எண்ணினார்கள். கைக்குக் கிடைத்த சிவப்புப் பொருள் அயடீன். கலந்து பார்த்தார்கள். தட்டல் குறைந்துவிட்டது! வேறு யாராவது என்றால் அதோடு கொண்டாடியிருப்பார்கள். மிட்ஜ்லி வேறு சிவப்புச் சாயங்களையும் கலந்து பார்த்தார். ஒன்றும் வேலை செய்யவில்லை. பிறகு நிறமே இல்லாத ஓர் அயடீன் சேர்மத்தைக் கலந்தார். அது வேலை செய்தது. அப்படியென்றால் நிறத்துக்கும் தட்டலுக்கும் தொடர்பே இல்லை, காரணம் வேதியியலில் இருக்கிறது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். சத்தம் குறைந்துவிட்டதே என்று விடாமல், தான் சொன்ன காரணம் சரியா என்றும் சோதித்தார்.

ஆனால் அந்தத் தேடல் 1921இல் போய் நின்ற இடம் ஈயம். ஈயச் சேர்மம் கலந்த பெற்றோல் உலகமெங்கும் ஓடி, புகையோடு நஞ்சையும் பரப்பியது. அதைத் தயாரித்த தொழிலாளர்கள் சிலர் 1924இலேயே நஞ்சேறி இறந்தார்கள். அப்படியிருந்தும் சிறிது காலம் நின்ற விற்பனை மறுபடி தொடங்கியது. குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் பொருள் என்பதால் இதைச் சொல்லும்போது கோபம் வருகிறது. இலங்கை 2002இல் ஈயப் பெற்றோலை நிறுத்தியது. கார்களுக்கு அதை விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021இல்தான் நிறுத்தியது.

சரி, இன்று நல்ல பெற்றோல் கிடைக்கிறது. பிறகும் வேலணை ஒஸ்ரின் ஏன் தட்டுகிறது? முதலில் ரேடியேற்றரைத் திறந்து பார்க்க வேண்டும், எஞ்சின் ஆறிய பிறகு. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது, தீவுகளில் உவரும் சேர்கிறது. அந்தத் தண்ணீரையே வருடக்கணக்காக ஊற்றினால் குழாய்களுக்குள் கேத்தில் அடியில் படிவதே படியும். எஞ்சின் சூடு வெளியேறாது, மூலையில் இருக்கும் கலவை சீக்கிரம் பற்றும். சிலிண்டர் தலையில் கரி படிந்தாலும் இதே வினை. கரி இடத்தை அடைப்பதால் நெருக்கம் கூடுகிறது, தணலாக நின்று சூட்டையும் வைத்திருக்கிறது. திறப்பைத் திருப்பி நிறுத்திய பிறகும் எஞ்சின் உதறிக்கொண்டு ஓடினால் அந்தத் தணலில் சந்தேகம் வைக்கலாம். இரண்டும் சரியென்றால் 'டைமிங்'. பொறி வேண்டியதற்கு முன்னரே விழுந்தால் அழுத்தம் சீக்கிரம் ஏறும், தட்டும். சிலிண்டர்களுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றரைக் கொஞ்சம் திருப்பிப் பொறியைத் தாமதமாக்கலாம். கூடத் தாமதமானால் இழுவை போய்விடும்.

சில நாள் கார் தட்டாது, விக்கி விக்கி ஓடும். அது பொறியின் குறை. பற்றரி தருவது 12 வோல்ற். கொயில் அதைப் பத்தாயிரத்துக்கும் மேலே ஏற்றி, வயர் வழியாகப் பிளக்குக்கு அனுப்புகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்றில் நாலு சிலிண்டர் எஞ்சினுக்குச் செக்கனுக்கு 100 பொறி வேண்டும். குறிகட்டுவான் துறையில் நாள் முழுக்க நிற்கும் காரின் வயர்களிலும் டிஸ்ரிபியூற்றர் மூடியிலும் உப்பு படிகிறது. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈர உப்பில் மின்சாரம் ஓடும். பிளக்குக்குப் போகவேண்டியது வழியிலேயே கசிந்துவிடும். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் நீலப் பொறிகள் வயரில் ஓடுவது தெரியும். கை வைக்கக் கூடாது, அது பெரியவர்களின் வேலை. கழற்றிய பிளக்கை மட்டும் கேட்டு வாங்கிப் பாருங்கள். நுனி மண்ணிறம் என்றால் நலம். கறுப்பு ஈரம் என்றால் அந்தச் சிலிண்டர் எரியவில்லை. வெளுத்துப் பொரிந்திருந்தால் மிஞ்சிய சூடு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததை மாற்றும் மெக்கானிக்கிடம் காரைக் கொடுங்கள் என்று வீட்டில் சொல்லுங்கள். பிளக், கொயில், வயர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் கார் ஓடும், எது கெட்டது என்பது தெரியாமலே போய்விடும்.

இப்போதைய பல கார்களில் எஞ்சினோடு ஒட்டிய சிறிய உணரி ஒன்று உண்டு. அதற்குள் இருக்கும் படிகம் அதிர்ந்தால் மின்சாரம் பிறக்கும். தட்டலின் அதிர்வு கேட்டதும் கணினி பொறியைத் தாமதமாக்கிவிடும், ஓட்டுபவருக்குத் தெரியாமலே. ஒஸ்ரினில் அந்தக் காது இல்லை. அடுத்தமுறை பண்ணைத் தாம்போதியில் அது தட்டத் தொடங்கினால், கியரை ஒன்று கீழே இறக்கச் சொல்லிவிட்டு, சத்தம் என்ன ஆகிறது என்று கேளுங்கள்.